வரப்போரத்து நரிக் குடும்பம்

நரியை நமக்கெல்லாம் தெரியும். பாட்டி வடை சுட்ட கதையில் காக்கையை ஏமாற்றியது நரிதான். காலையில் எழுந்ததும் நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்றும் சொல்கிறோம்.

ஆனால் நரி எங்கே தூங்குகிறது? என்ன தின்கிறது? குட்டிகளை யார் காக்கிறார்கள்? இவற்றைக் கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. ஏன் தெரியாது? நரி நம்மைக் கண்டால் ஓடிவிடும். அது இரவில் நடமாடும். அந்த நேரத்தில் நாம் தூங்குவோம். பிறகு எப்படிப் பார்ப்பது?

இப்போது அதற்கு ஒரு வழி இருக்கிறது. தானியங்கிக் கேமரா என்று அதற்குப் பெயர். ஆள் இல்லாமலே படம் எடுக்கும் கேமரா அது.

இதை விளங்கிக்கொள்ள மகாராஷ்டிர மாநிலத்துக்குப் போவோம். அங்கே சோலாப்பூர் மாவட்டம் மழை குறைந்த பகுதி. சோளமும் கொண்டைக்கடலையும் விளையும். வயல்களுக்கு நடுவே புல்வெளிகள் உண்டு. அங்கே ஒரு சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பம் கற்பனைதான். ஆனால் நரியைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் இங்கே சொல்வது உண்மை.

வளையை அடைத்துவிடலாமா?

பிப்ரவரி மாதம். சோள அறுவடை நடந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நிலம். விவசாயி வரப்பைச் சுற்றி வந்தார். வரப்பு ஓரத்தில் புது மண் குவிந்து கிடந்தது. அருகில் மூன்று துளைகள் இருந்தன. மண்ணில் சின்னச் சின்னக் கால் தடங்கள்.

"இது நரி வளை. இரண்டு கோழிகள் காணாமல் போனதே, இப்போது திருடன் அகப்பட்டான். புகை போட்டு வளையை அடைத்துவிடுகிறேன்" என்றார்.

அவர் மனைவி களத்தில் கதிர் அடுக்கிக்கொண்டிருந்தார். "நரிதான் கோழியைப் பிடித்தது என்று நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

அவர் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

அவர்களுடைய மகள் சோலாப்பூரில் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"அப்பா, ஒரு மாதம் பொறுங்கள். கல்லூரியில் கேட்டு இரண்டு கேமரா வாங்கி வருகிறேன். ஒன்றை வளைக்கு எதிரே வைப்போம். இன்னொன்றைக் கோழிக்கூண்டுக்கு எதிரே வைப்போம். திருடன் யார் என்று தெரிந்துவிடும்" என்றாள்.

விவசாயி யோசித்தார். "சரி, ஒரு மாதம்தான்" என்றார்.

கேமரா எப்படி வேலை செய்கிறது?

இந்தக் கேமரா ஒரு சிறிய பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே பேட்டரிகளும் படங்களைச் சேர்த்து வைக்கும் மெமரி கார்டும் இருக்கும்.

நரி, நாய், பூனை போன்ற விலங்குகளின் உடம்பில் சூடு இருக்கிறது. சூடான ஓர் உடம்பு எதிரே அசைந்தால் கேமராவில் உள்ள ஒரு கருவி அதை உணர்ந்துகொள்ளும். உடனே கேமரா படம் எடுக்கும். எடுத்த நாளும் நேரமும் படத்தின் அடியில் பதிவாகும். யாரும் வராவிட்டால் கேமரா சும்மா இருக்கும். அதனால் பேட்டரி பல வாரம் வரும்.

இருட்டில் எப்படிப் படம் எடுக்கிறது? டி.வி. ரிமோட்டை அழுத்துகிறோம். அதிலிருந்து ஓர் ஒளி போகிறது. அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைப் போன்ற ஒளியைத்தான் இந்தக் கேமராவும் வீசுகிறது. அதனால் விலங்கு பெரும்பாலும் மிரளாது. இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கும்.

இந்த யோசனை புதியது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வட இந்தியக் காடுகளில் இப்படிப் படம் எடுத்தார். புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டினார். புலியின் கால் கம்பியில் பட்டதும் கேமரா தானாகப் படம் எடுத்தது. 1927-ல் அவர் அந்தப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டார்.

இன்று நம் நாட்டில் புலிகளைக் கணக்கெடுப்பதற்கும் கேமராதான் உதவுகிறது. 2018-ல் நடந்த கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள் கிடைத்தன.

கட்டும்போது கவனம்

மகள் ஒரு மரக் குச்சியை ஊன்றினாள். முழங்கால் உயரத்தில் கேமராவைக் கட்டினாள். நரி குட்டையான விலங்கு. உயரத்தில் கட்டினால் படத்தில் நரி விழாது.

வளைக்கு மிக அருகில் அவள் போகவில்லை. பத்து அடி தள்ளியே கட்டினாள். கேமராவை வடக்குப் பார்த்து வைத்தாள். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்து வைத்தால் வெயில் நேராக விழும். படம் கெட்டுப்போகும். எதிரே நீட்டிக்கொண்டிருந்த புல்லைக் கிள்ளிவிட்டாள். காற்றில் புல் ஆடினாலும் சில நேரம் கேமரா படம் எடுத்துவிடும்.

"கறித்துண்டு ஏதாவது போட்டு வைக்கலாமா? சீக்கிரம் வரும்" என்றார் அப்பா.

"வேண்டாம் அப்பா. தீனி போட்டால் நரி நம்மிடம் பயமில்லாமல் பழகிவிடும். அது நரிக்கு ஆபத்து. கறி வாசனைக்கு நாய்களும் வரும்" என்றாள் மகள்.

அம்மாவுக்கு வேறு ஒரு கவலை. "அந்தப் பக்கம் பெண்கள் புல் அறுக்கப் போவார்கள். வேறு காரியத்துக்கும் ஒதுங்குவார்கள். அவர்கள் படம் விழுந்தால் என்ன செய்வது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று மாலையே அம்மாவும் மகளும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். மனிதர் படம் விழுந்தால் உடனே அழித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். வனக் காவலரிடமும் தகவல் சொன்னார்கள். சொந்த நிலத்திலேயே இவ்வளவு கவனம் தேவை. காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கேமரா வைக்கவே கூடாது.

அம்மாவின் நோட்டுப் புத்தகம்

மகள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். வாரம் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவாள். வந்ததும் நடுப்பகலில் போய் மெமரி கார்டை எடுத்து வருவாள். போன வேகத்தில் திரும்பிவிடுவாள். அடிக்கடி போனால் நரி பயந்து குட்டிகளை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

படங்களைப் பார்த்தால் போதுமா? கணக்கு எழுத வேண்டும் அல்லவா? அந்த வேலையை அம்மா ஏற்றுக்கொண்டார். அவர் சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். மகள் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். அம்மா நாள், நேரம், கண்டது என்று மூன்று கட்டம் போட்டு எழுதினார்.

மார்ச் 2. இரவு 7.10. பெரிய நரி வந்தது. வாயில் எலி.
மார்ச் 2. இரவு 9.40. கிழிந்த காது நரி வந்தது. வாயில் எலி.
மார்ச் 4. மாலை 6.30. குட்டி வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று!
மார்ச் 5. காலை 6.15. தாய் நரி படுத்திருக்கிறது. குட்டிகள் பால் குடிக்கின்றன.
மார்ச் 7. இரவு 8.05. கிழிந்த காது நரி. வாயில் ஓணான்.

கிழிந்த காது நரிதான் தகப்பன். அது இரை கொண்டு வந்து கொடுத்தது. தாய் வெளியே போன நேரத்தில் வளைக்குப் பக்கத்தில் காவல் இருந்தது. குட்டிகள் அதன் வாலைக் கடித்து இழுத்தன. அது பொறுத்துக்கொண்டது.

அம்மா சிரித்தார். "பாருங்கள், பிள்ளை வளர்ப்பதில் தகப்பனும் பங்கு எடுக்கிறான்" என்று கணவரிடம் சொன்னார்.

விவசாயியும் சிரித்துவிட்டார்.

இந்திய நரி

நம் ஊர்களில் இரண்டு வகை விலங்குகளை நரி என்றே சொல்கிறோம். இரவில் கூட்டமாக ஊளையிடுவது ஒன்று. அது பெரியது. நாயைப் போல இருக்கும். இந்தக் கட்டுரையில் வருவது அதைவிடச் சிறியது. இதை இந்திய நரி என்பார்கள். மராத்தி மொழியில் இதற்குக் கோகட் என்று பெயர்.

இந்திய நரியின் எடை 2 முதல் 4 கிலோ வரை இருக்கும். சாம்பல் நிறம். காதுகள் பெரியவை. வால் நீளமானது, அடர்ந்தது. வாலின் நுனி கறுப்பாக இருக்கும். அதுதான் இதன் அடையாளம். இந்தியாவிலும் நம்மைச் சுற்றியுள்ள சில நாடுகளிலும் மட்டுமே இது வாழ்கிறது. அடர்ந்த காட்டை இது விரும்பாது. புல்வெளி, தரிசு, வயல் ஓரம் ஆகியவைதான் இதன் வீடு.

குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் இணை சேரும். சுமார் 50 நாளில் குட்டி பிறக்கும். பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகள். பிறந்தபோது குட்டிகளுக்குக் கண் திறந்திருக்காது. ஒரு மாதம் போல ஆனதும் வளையை விட்டு எட்டிப் பார்க்கும். மழைக்காலம் வரும்போது குட்டிகள் வளர்ந்து தனித்தனியாகப் பிரிந்து போய்விடும்.

வளைக்கு ஏன் பல வாசல்? எதிரி ஒரு வாசலில் நுழைந்தால் மறு வாசல் வழியாகத் தப்பிக்கத்தான்.

இதன் சாப்பாடு என்ன? வயல் எலி, வெள்ளெலி, வெட்டுக்கிளி, வண்டு, கறையான், நண்டு, ஓணான் ஆகியவற்றைத் தின்னும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் தின்னும். இலந்தைப் பழம் என்றால் விரும்பித் தின்னும். எலியும் வெட்டுக்கிளியும் யாருக்கு எதிரி? விவசாயிக்குத்தானே! அப்படியானால் நரி நமக்குச் சம்பளம் வாங்காத காவல்காரன்.

கோழித் திருடன் யார்?

மூன்றாவது வாரம் கோழிக்கூண்டுக் கேமராவில் ஒரு படம் விழுந்திருந்தது. இரவு 2 மணி. நீண்ட கால்கள். குட்டை வால். காது நுனியில் சிறு மயிர்க்கொத்து. வாயில் கோழி.

அது காட்டுப்பூனை.

விவசாயி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கூண்டின் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் உடைந்திருந்தது. அன்று மாலையே புதுத் தாழ்ப்பாள் போட்டார். கம்பி வலையும் அடித்தார். அதன் பிறகு ஒரு கோழிகூடக் குறையவில்லை.

நரி கோழியைத் தொடவே தொடாது என்று சொல்ல முடியாது. வெளியே திரியும் குஞ்சு கிடைத்தால் பிடிக்கலாம். ஆனால் நல்ல கூண்டு இருந்தால் காட்டுப்பூனையாலும் முடியாது, நரியாலும் முடியாது. ஒரு திருடனைக் கொன்றால் இன்னொரு திருடன் வருவான். கதவை மூடினால் எல்லாத் திருடனும் போய்விடுவான்.

நாய்கள் வந்த இரவு

மார்ச் 23. இரவு 11 மணிப் படம். வளைக்கு முன்னால் நாலு நாய்கள் நின்றன. ஊர் நாய்கள்தான். ஒன்று வளையைத் தோண்டிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளிப் புல்லில் இரண்டு கண்கள் மின்னின. தாய் நரி அங்கே நின்றிருந்தது.

அடுத்த படம் அதிகாலை 4 மணி. தாய் நரி ஒரு குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு போகிறது. பிறகு இன்னொரு குட்டியையும் கொண்டு போகிறது. மூன்றாவது குட்டி எந்தப் படத்திலும் இல்லை.

அம்மா நோட்டில் எழுதினார்: "குட்டி இரண்டு." அதற்கு மேல் அன்று அவர் எதுவும் எழுதவில்லை.

நாய்களால் வரும் ஆபத்து கடிப்பது மட்டும் அல்ல. சோலாப்பூருக்கு அருகில் நான்னஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கானமயில் என்ற பறவைக்காக 1979-ல் ஒரு சரணாலயம் ஏற்படுத்தினார்கள். அந்தப் பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் நரிகளையும் நாய்களையும் கவனித்தார்கள். நாய்கள் நடமாடும் இடத்தை நரிகள் தவிர்ப்பதைக் கண்டார்கள். நல்ல இரை இருந்தாலும் பயந்து விலகிவிடுகின்றன. நாய்களிடம் உள்ள தொற்றுநோய்க் கிருமிகள் நரிகளுக்கும் பரவுகின்றன என்றும் கண்டார்கள்.

அந்த நோய்களில் ஒன்று டிஸ்டெம்பர். மூக்கில் சளி ஒழுகும், வலிப்பு வரும், விலங்கு செத்துப்போகும். 2018-ல் குஜராத் மாநிலத்தின் கிர் காட்டில் பல சிங்கங்கள் இறந்தன. இறந்த சிங்கங்களில் இந்தக் கிருமி இருந்தது சோதனையில் தெரிந்தது. சிங்கத்துக்கே இந்தக் கதி என்றால் நரிக்குட்டி எம்மாத்திரம்?

ஊர்க் கூட்டம்

நரி வளை பற்றி ஊருக்குள் பேச்சு வந்தது. ஒரு நாள் மாலை எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள்.

"என் ஆட்டுக்குட்டி ஒன்று போய்விட்டது. நரி வேலையாகத்தான் இருக்கும்" என்றார் ஓர் ஆடு மேய்ப்பவர்.

"விஷம் வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்றார் இன்னொருவர்.

"நரிக்கொம்பு கிடைத்தால் நல்ல விலை போகும். வீட்டில் வைத்தால் செல்வம் சேருமாம்" என்றான் ஓர் இளைஞன்.

அம்மா எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசியதே இல்லை. கை சற்று நடுங்கியது. நோட்டைத் திறந்து வாசித்தார். நாள், நேரம், கண்டது. ஒவ்வொரு வரியாக வாசித்தார். முடிவில் கூட்டிச் சொன்னார்.

"ஒரு மாதத்தில் 22 முறை எலி கொண்டு வந்திருக்கிறது. ஓணான், வெட்டுக்கிளி தனி. கோழி ஒரு முறைகூட இல்லை. ஆட்டுக்குட்டியும் இல்லை. மூன்று கிலோ நரி ஆட்டை எப்படி அடிக்கும்? நம் நாய்கள்தான் கூட்டமாகத் திரிகின்றன. இதோ படம்."

மகள் படங்களைக் காட்டினாள். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இந்த நரியின் தலையைப் பாருங்கள். கொம்பு எங்கே இருக்கிறது?" என்று அந்த இளைஞனிடம் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நரிக்குக் கொம்பு கிடையாது. எந்த நரிக்கும் கிடையாது. எலும்பையும் தோலையும் மயிரையும் ஒட்டி நரிக்கொம்பு என்று விற்று ஏமாற்றுகிறார்கள். அதை நம்பி நரியைக் கொல்கிறவர்களும் உண்டு.

நரியைக் கொல்வது சட்டப்படி குற்றம். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நரியைக் காக்கிறது. விஷம் வைப்பதும் பொறி வைப்பதும் வேட்டைதான். விஷம் நரியோடு நிற்காது. ஆடும் நாயும் அதைத் தின்னலாம். குழந்தையின் கையில் படலாம்.

அன்று கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுத்தார்கள். ஒன்று, வளையை யாரும் தொடக்கூடாது. இரண்டு, கால்நடை மருத்துவரை அழைத்து ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். மூன்று, செத்த கால்நடையை வெளியில் வீசாமல் புதைக்க வேண்டும். வெளியில் வீசினால்தான் நாய்க்கூட்டம் பெருகுகிறது.

ஓர் எச்சரிக்கை

நரியைத் தூரத்திலிருந்து பார்ப்பதே நல்லது. குட்டி தனியாக இருந்தாலும் தூக்கக்கூடாது. தாய் பக்கத்தில் எங்காவது இருக்கும்.

நரிக்கும் வெறிநோய் வரலாம். பகலில் தள்ளாடி நடந்தால், மனிதரைக் கண்டு ஓடாமல் நின்றால், அதன் பக்கத்தில் போகாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். நரியோ நாயோ கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மந்திரித்துக் கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் உயிர் பிழைப்பது அரிது.

மழை வந்தது

ஜூன் மாதம் முதல் மழை பெய்தது. நிலம் உழும் காலம். விவசாயி ஏர் ஓட்டிக்கொண்டு வரப்பு ஓரம் வந்தார். வளை காலியாக இருந்தது. ஆனாலும் அவர் அந்த இடத்தை உழவில்லை. ஆறடி அகலத்துக்குப் புல்லோடு விட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று மனைவி கேட்டார்.

"அடுத்த வருஷம் வந்தால் இடம் வேண்டாமா?" என்றார் அவர்.

சில நாள் கழித்துக் கேமராவில் ஒரு படம் விழுந்தது. முக்கால் பங்கு வளர்ந்த இளம் நரி ஒன்று. வாயில் வெள்ளெலி. வாலின் நுனி கறுப்பு. அம்மா நோட்டை எடுத்தார். நாளும் நேரமும் எழுதினார். கண்டது என்ற கட்டத்தில் இப்படி எழுதினார்: "நம் குட்டி. தானே வேட்டையாடுகிறது."

யோசித்துப் பாருங்கள்

1. கோழியைப் பிடித்தது நரி என்று விவசாயி ஏன் நினைத்தார்? உண்மை எப்படித் தெரிந்தது?
2. நரியால் விவசாயிக்கு என்ன நன்மை?
3. உங்கள் ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா? யாரிடம் கேட்க வேண்டும்?
4. உங்கள் வீட்டுப் பக்கம் வரும் ஒரு பறவையை அல்லது விலங்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் கவனியுங்கள். நாள், நேரம், கண்டது என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். அதற்குக் கேமரா தேவையில்லை. கண்ணும் பென்சிலும் போதும்.